புருல்கானின் வலது கை

அக்ரூட் உதிரும் பருவம் வந்துவிட்டால் ஜங்காக்-சாய் மலைக் கிராமத்தில் ஒரு வீட்டு அடுப்பும் புகையாது. பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு, டீக்கடைக்குப் பூட்டு. கோழிக்கூடு முதற்கொண்டு கழுதை மேலும் ஓட்டை லாரியிலும் ஏற்றிக்கொண்டு சனம் மொத்தமும் மலைக்காட்டுக்குள் போய்விடும். அவரவர் குத்தகை மரங்களுக்கு அடியில் தார்ப்பாய்க் கூடாரம். ஐந்து வாரம் அங்கேதான் பாடு. ஆண்கள் வெறுங்காலோடு உச்சிக்கு ஏறி, கிளைமேல் நின்று குதிப்பார்கள். எட்டாத நுனிகளை நீளக் கழியால் விளாசுவார்கள். ஆலங்கட்டி மழை போலக் காய் கொட்டும். கொட்டி நின்றதும் பெண்கள் குனிவார்கள். குனிந்தவர்கள் நிமிர்வது பொழுது சாயும்போதுதான். பச்சைத் தோலின் சாறு ஏறிக் கறுத்த கை, பனிக்காலம் பாதி கழிகிறவரை வெளுக்காது. வருஷத்துக்கு ஒருவராவது மரத்திலிருந்து விழுந்து சாவார்கள். புருல்கானின் புருஷன் அப்படித்தான் போனான், ஒன்பது வருஷத்துக்கு முன்னால்.

புருல்கானுக்கு இப்போது நாற்பத்தெட்டு வயது. ஒரே மகளைத் தூரத்து ஊரில் கட்டிக்கொடுத்துவிட்டாள். புருஷன் போன மறு வருஷம் தலைநகரத்துக் குடும்ப நலச் சங்கத்துக்காரர்கள் ஊருக்கு வந்து, எழுதப் படிக்கத் தெரிந்த, வாய்க்கூச்சம் இல்லாத பெண் ஒருத்தி வேண்டும் என்றார்கள். எல்லோரும் அவளைக் கைகாட்டினார்கள். அன்றிலிருந்து அவள் தோளில் ஒரு நீலப் பை. மாத்திரை அட்டை, ஆணுறை, கர்ப்பப்பைப் படம் போட்ட அட்டை எல்லாம் அதில் இருக்கும். ஆண்கள் அவளை 'ரப்பர் அக்கா' என்று கூப்பிட்டார்கள்.

"ரப்பர் அக்கா, என் ஜீப்பு டயருக்குப் போட்டுக்க ஒண்ணு இருக்கா?"

"உன் டயர் அளவுக்கு வராதுடா. அதைவிடப் பொடிசா தனியா செய்யச் சொல்லியிருக்கேன்."

இப்படிப் பேசத் தெரிந்ததால்தான் அவளால் அந்த வேலையைச் செய்ய முடிந்தது.

இந்த வருஷம் சங்கத்து வண்டி காட்டுக்கே வந்தது. வெள்ளை வண்டி. உள்ளே ஒரு கட்டில், ஒரு விளக்கு, ஒரு திரை. கூட வருவது மருத்துவச்சி ரஹீமாவும் டிரைவர் தோலிப்பும்தான். ஓடைக்கரையில் நிறுத்திவிட்டு ரஹீமா சமோவாரில் தண்ணீர் வைத்தாள். குடத்தை எடுத்துக்கொண்டும் துணி மூட்டையை எடுத்துக்கொண்டும் பெண்கள் ஒவ்வொருத்தியாக ஓடைப்பக்கம் வந்தார்கள்.

புருல்கானின் பங்கு மரங்களை அடுத்ததுதான் அவள் தம்பி எர்மெக்கின் பங்கு. புருல்கான் என்ற பெயருக்கே 'திரும்பு' என்றுதான் அர்த்தம். மூன்று பெண்ணுக்கு அப்புறம் நாலாவதும் பெண்ணாகப் பிறந்ததும், இனியாவது ஆண் பக்கம் திரும்பட்டும் என்று அப்பா வைத்த பெயர். பத்து வருஷம் கழித்துத் திரும்பியது, எர்மெக் பிறந்தான். அம்மா படுக்கையில் கிடக்க, அவனைச் சால்வையில் முதுகோடு கட்டிக்கொண்டு காடெல்லாம் காய் பொறுக்கியவள் புருல்கான்.

எர்மெக்கின் பெண்டாட்டி ஷாயிர். முப்பத்திரண்டு வயது, ஒல்லியான உடம்பு, வேகமான கை. நாலு பெண் பிள்ளைகள். கடைசிப் பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போய், லாரியில் அவள் காலைத் தன் மடிமேல் தூக்கி வைத்துக்கொண்டு புருல்கான் ஆஸ்பத்திரி வரைக்கும் உட்கார்ந்து வந்தாள். இன்னொன்று வேண்டாம், அடுத்த தடவை உயிர் மிஞ்சாது என்று டாக்டர் எர்மெக்கை எதிரில் நிறுத்திச் சொன்னார். அவன் தலையை ஆட்டினான். வீட்டுக்கு வந்ததும், "டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க. எங்கம்மா அஞ்சு பெத்தாளே" என்றான்.

போன வசந்தத்தில் சங்கத்து வண்டி ஊருக்கு வந்தபோது ஷாயிர் காப்பர்-டி போட்டுக்கொண்டாள். தெரிந்தது அவளுக்கும் புருல்கானுக்கும் ரஹீமாவுக்கும் மட்டும். இன்று அதைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டிய நாள்.

காலையிலிருந்து இரண்டு பேரும் ஒரே மரத்தடியில் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். எர்மெக் மேலே குதித்துக்கொண்டிருந்தான். அவன் பாடுவது கீழே கேட்டது. நல்ல குரல் அவனுக்கு. மதுவும் கோபமும் இல்லாத நேரத்தில் பிள்ளைகளை நாலு பேரையும் ஒரே கழுதையில் ஏற்றி ஊர் சுற்றிக் காட்டுகிறவன்தான்.

"மதினி, போயிட்டு வந்துரட்டா?" என்றாள் ஷாயிர், குனிந்த தலை நிமிராமல்.

"பானைய எடுத்துட்டுப் போ. கழுவப் போறேன்னு சொல்லு. நின்னு கதை பேசாத."

"வயித்த வலிக்குது, பயத்துல."

"பயந்தா வலிக்கத்தான் செய்யும். அஞ்சு நிமிஷ வேலை. போ."

ஷாயிர் போனாள், பானையைத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்தாள். எல்லாம் சரியாக இருக்கிறது, பத்து வருஷத்துக்குக் கவலை இல்லை என்று ரஹீமா சொன்னதாகக் காதோடு சொல்லிவிட்டு, வெகுநாள் கழித்துப் பல் தெரியச் சிரித்தாள். மத்தியானம் ரொட்டியும் பாலாடையும் தின்றார்கள். எர்மெக் தன் பங்குப் பாலாடையைக் கடைக்குட்டிக்கு ஊட்டிவிட்டு மறுபடியும் மரம் ஏறினான்.

வினை வந்தது பக்கத்துப் பங்குக்கார ஜோல்டோஷ் வாயால். அவன் பெண்டாட்டி சலாமத்தும் காலையில் ஓடைக்கரையில் வரிசையில் நின்றவள்தான். ரஹீமா ஷாயிரின் பெயரைக் கூப்பிட்டதையும், காப்பர்-டி பற்றிப் பேசியதையும் திரைக்கு இந்தப்புறம் கேட்டவள். சாப்பாட்டு நேரத்தில் புருஷனிடம் வாய் தவறிவிட்டாள். ஜோல்டோஷ் அப்போதே பாதிப் புட்டி ஊற்றியிருந்தான். மரத்தடியில் வந்து நின்று அண்ணாந்தான்.

"என்ன எர்மெக், உசிரக் குடுத்துக் குதிக்கிற. கீழ ஒண்ணும் தங்கலையே."

"போய் உன் மரத்தப் பாருடா."

"நான் சொல்றது அந்த மரத்த இல்ல. நீ வருஷமெல்லாம் காய் கொட்டிக்கிட்டே இரு. உன் பொண்டாட்டி சாக்கு வாயச் சங்கத்துல தச்சுக்கிட்டு வந்துட்டா."

பக்கத்து மரங்களில் இருந்த இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பாட்டு நின்றது.

புருல்கான் நிமிர்ந்து, "ஜோல்டோஷ், குடிச்சா போய்ப் படு" என்றாள்.

"ஏன், நான் பொய்யா சொல்றேன்? உனக்குத் தெரியாதா? உன் பையில இருந்துதான போகுது சரக்கு."

எர்மெக் இறங்கினான். அவசரப்படாமல், ஒவ்வொரு கிளையாகக் கால் வைத்து இறங்கினான். அந்த நிதானத்தின் அர்த்தம் புருல்கானுக்குத் தெரியும். தரையில் இறங்கியவன் ஷாயிருக்கு எதிரே போய் நின்றான்.

"அவன் சொல்றது நெசமா?"

ஷாயிர் மடியில் இருந்த காய்களைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதுவே அவனுக்குப் போதுமாக இருந்தது.

முதல் அறையிலேயே அவள் உட்கார்ந்துவிட்டாள். காய்கள் சிதறின. அவன் மரத்தில் சாத்தியிருந்த கழியை எடுத்தான். காய்ந்த கழி, இரண்டு ஆள் நீளம். அது சுழற்ற வாகில்லாமல் போகவே முழங்காலில் வைத்து முறித்து, முறிந்த பாதியைக் கையில் பிடித்தான். தோளில் ஒன்று விழுந்தது. முதுகில் இரண்டு. நாலாவது விலாவில் விழுந்தபோது கேட்ட சத்தம் கழியுடையதா எலும்புடையதா என்று புருல்கானுக்குத் தெரியவில்லை. ஷாயிர் கத்தவில்லை, மூச்சுத்தான் 'ஹக்' என்று வெளியே வந்தது. கூடாரத்துக்குள் இருந்து பிள்ளைகள் அலறின.

"டாக்டர் சொன்னது உன் காதுல விழலையாடா? அவ செத்துருவான்னு சொன்னாரே" என்று புருல்கான் ஓடிவந்து நடுவில் விழுந்தாள்.

"தள்ளு அக்கா."

"தள்ள மாட்டேன்."

"நீதான எல்லாத்துக்கும் காரணம். என் வம்சத்த நீதான அறுத்த. ஊர் சிரிக்கிறது கேக்குதா உனக்கு?"

கழி இறங்கியது. அவள் வலது கையைத் தூக்கிக் குறுக்கே கொடுத்தாள். மணிக்கட்டுக்குமேல் எரிகிற கம்பியைச் செருகினது போல இருந்தது. கை அவள் சொன்ன பேச்சைக் கேட்காமல் கோணலாகத் தொங்கியது. அதைப் பார்த்து எர்மெக் ஒரு நொடி நின்றான். பிறகு கழியை வீசிவிட்டு ஷாயிரின் தலைமுடியைச் சுற்றிப் பிடித்தான்.

"நட. போட்டவ கையாலேயே கழட்டணும். இப்பவே கழட்டணும்."

மரத்தடியிலிருந்து ஓடைக்கரை இருநூறு தப்படி இருக்கும். அவ்வளவு தூரமும் இழுத்துக்கொண்டு போனான். அவள் பாதித் தூரம் நடந்தாள், பாதித் தூரம் தரையில் தேய்ந்தாள். வழியிலிருந்த கூடாரங்களில் ஆண்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். ஒருவனும் அசையவில்லை, புருஷன் பெண்டாட்டி சமாச்சாரம். புருல்கான் உடைந்த கையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

வண்டியைக் கண்டதும் எர்மெக், பக்கத்தில் யாரோ விறகு பிளந்து போட்டிருந்த கோடரியை எடுத்துக்கொண்டான். முன்கண்ணாடி ஒரே வெட்டில் நொறுங்கியது. பக்கக் கண்ணாடி இரண்டும் போயின. டிரைவர் தோலிப் தடுக்க வந்து நெஞ்சில் குத்து வாங்கி ஓடைத் தண்ணீருக்குள் உட்கார்ந்தான். ரஹீமா மட்டும் படியில் இறங்கி நின்றாள். குட்டையான பெண், அறுபதை நெருங்குகிற வயது. முகம் வெளுத்திருந்தது, ஆனால் நகரவில்லை.

"கழட்டு" என்றான் எர்மெக்.

"யாருக்கு?"

"என் பொண்டாட்டிக்கு. என்னைக் கேக்காம போட்டியே, அத."

"அவ உடம்பு. அவ சொன்னா கழட்டுறேன். நீ சொன்னா முடியாது."

"அவ சொல்லுவா." முடியைப் பிடித்துத் தலையை நிமிர்த்தினான். "சொல்லு."

ஷாயிரின் வாயிலிருந்து ரத்தம் மோவாயில் வழிந்தது. "கழட்டுங்க" என்றாள்.

"இங்க வச்சுச் சொல்றது கணக்கில்ல. உள்ள வந்து, தனியா, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும். நீ கோடரியோட வெளிய நில்லு. உள்ள வந்தன்னா இன்னொருத்தன் பொண்டாட்டிய நீ பாத்துட்டன்னு ஊர்ல பேசுவாங்க, அந்தக் கட்டில்ல இன்னும் ஒருத்தி படுத்திருக்கா" என்றாள் ரஹீமா.

கட்டிலில் யாரும் இல்லை. ஆனால் அந்தப் பேச்சு வேலை செய்தது. எர்மெக் முடியை விட்டான்.

மூன்று பெண்களும் உள்ளே போய்க் கதவைத் தாழிட்டார்கள். தரையெல்லாம் கண்ணாடித் தூள். ஷாயிரைக் கட்டிலில் படுக்கவைத்து ரஹீமா விலாவில் கை வைத்ததும் அவள் சுருண்டாள். மூச்சு முழுதாக உள்ளே போகவில்லை. மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

"இப்ப சொல்லு கண்ணு. கழட்டணுமா? வேணும்னா கழட்டுறேன். உசிரு முக்கியம்."

ஷாயிர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். "கழட்டுனாலும் சாவுதான அக்கா. அது பிரசவத்துல, இது இவன் கையில. வேண்டாம். கழட்டாதீங்க."

வெளியே கோடரி வண்டியின் தகட்டில் விழுந்தது. "என்ன பண்றீங்க உள்ள? சீக்கிரம்."

"கழட்டியாச்சுன்னு சொல்லு" என்றாள் புருல்கான்.

"பொய் சொல்லணுமா? முப்பது வருஷத்துல நான் நோயாளி விஷயத்துல பொய் சொன்னதில்ல. எடுத்துக் காட்டுன்னு கேப்பானே?"

"கேப்பான். அவன் அப்படித்தான், கண்ணால பாத்தாத்தான் நம்புவான். புதுசு ஒண்ணு பிரி."

ரஹீமா அவளைப் பார்த்தாள். பிறகு அலமாரியைத் திறந்து புது உறை ஒன்றைக் கிழித்தாள். வெள்ளை பிளாஸ்டிக், மேலே செம்புக் கம்பி சுற்றியது, தீக்குச்சி நீளம்கூட இல்லை. ரத்தத்துக்குப் பஞ்சமில்லை, ஷாயிரின் உதட்டில் ஒற்றி எடுத்தாள். நூல் நுனி வரைக்கும் சிவக்கிறதா என்று விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். ஒரு தட்டில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

எர்மெக் அதைக் கையில் எடுத்தான். உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இத்துனூண்டா?" என்றான். குரல் வேறு மாதிரி இருந்தது. ஏமாந்துபோன சின்னப் பையன் குரல். "இதுவா தடுத்துக்கிட்டு இருந்துச்சு?"

கல்லின்மேல் வைத்து மிதித்தான். செம்புக் கம்பி நசுங்குகிறவரை நாலைந்து தடவை மிதித்தான். மிதிக்க மிதிக்க அவன் தோள் தளர்ந்தது. கோடரியைக் கீழே போட்டான்.

"சரி. கூட்டிட்டுப் போறேன்."

"அவளை இப்ப கூட்டிட்டுப் போக முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றாள் ரஹீமா.

"ஆஸ்பத்திரியெல்லாம் வேண்டாம். ரெண்டு நாள் படுத்தா எந்திரிச்சுருவா. எப்பவும் எந்திரிப்பா."

ரஹீமாவின் முகம் மாறவில்லை. ஒரு பொய் சொன்னவளுக்கு இரண்டாவது லேசாக வந்தது. "அவசரமா கழட்டுனதுல உள்ள ரத்தம் போகுது. இன்னைக்கே போகலைன்னா கர்ப்பப்பையையே எடுக்க வேண்டியதா போயிரும். அப்புறம் உனக்குப் பையனும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

எர்மெக் வண்டிக்குள் ஏறினான், கட்டிலில் வேறு யாரும் இல்லாததை அவன் கவனிக்கவில்லை. பெண்டாட்டியின் தலைக்கடியில் தன் கோட்டைக் கழற்றி மடித்து வைத்தான். "மெதுவா ஓட்டு, பள்ளத்துல விடாத" என்று, ஈரம் சொட்டச் சொட்ட ஏறி உட்கார்ந்த தோலிப்பிடம் சொல்லிவிட்டு இறங்கினான். புருல்கான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இதுவரை அவளுக்குத் தம்பிமேல் கோபம் இருந்தது. அந்தக் கோட்டை மடித்ததைப் பார்த்தபோதுதான் அருவருப்பு வந்தது.

பிள்ளைகளைச் சலாமத் கூட்டிக்கொண்டாள். "வாய் தவறிச் சொன்னது நான்தான் அக்கா" என்று வண்டி கிளம்புகிற நேரத்தில் ஓடிவந்து அழுதாள். "அழறத அப்புறம் வச்சுக்கோ. சின்னவளுக்குப் பாலச் சூடா குடுக்காத" என்றாள் புருல்கான். முன்கண்ணாடி இல்லாத வண்டிக்குள் மலைக்காற்று அறைய அறைய மூன்று மணி நேரம் போனார்கள். ஷாயிரின் உதடு நீலம் பாரித்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் இரண்டு பெண்களின் எலும்பும் ஒன்றாக முனகியது.

மாவட்ட ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். ஷாயிருக்கு இரண்டு விலா முறிந்து, ஒன்று நுரையீரலைக் குத்தியிருந்தது. பக்கவாட்டில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். புருல்கானின் கைக்கு முழங்கை வரை மாவுக்கட்டு. அடிபட்டு வந்தவர்களைப் பற்றிப் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை போலீஸ்காரர் வந்த அதே நேரத்தில் எர்மெக்கும் வந்தான். சவரம் செய்திருந்தான். ஒரு கையில் ஆட்டு எலும்புச் சாறு, இன்னொரு கையில் திராட்சை. கூடவே பெரியப்பா கொஜோமுராத், வெள்ளைக் கம்பளித் தொப்பியும் கைத்தடியுமாக. போலீஸ்காரர் இளைஞர், பெரியவரைக் கண்டதும் எழுந்து நாற்காலியைக் கொடுத்தார்.

"மரத்துலேர்ந்து விழுந்துட்டாப்பா" என்றார் கொஜோமுராத். "அவள பிடிக்கப் போயி இவ கையும் போச்சு. ஆண்டவன் புண்ணியத்துல உசிரு தப்புச்சு."

"பொம்பளைங்க மரம் ஏறுவாங்களா பெரியவரே?"

"இவ ஏறிட்டா."

போலீஸ்காரர் ஷாயிரைப் பார்த்தார். "என்னம்மா, விழுந்தியா?"

ஷாயிர் திராட்சையைப் பார்த்தாள், எர்மெக்கைப் பார்த்தாள், பிறகு புருல்கானைப் பார்த்தாள். பயம் அவள் கண்ணில் இல்லை, உடம்பெல்லாம் இருந்தது. குழாய் வழியாகப் போகிற காற்று நடுங்கியது. ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறக்கிறாள் என்று புருல்கானுக்குத் தெரிந்தது. சொல்லட்டும், நாலு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேறென்ன செய்வாள் என்றும் தோன்றியது.

"அவ வாயக் கிளறாதீங்க. மூச்சே விட முடியல" என்றாள் புருல்கான். "அவ கதை அவ சொல்லும்போது சொல்லட்டும். என் கதைய எழுதுங்க. என் கைய ஒடச்சது மரம் இல்ல. இவன்."

"அக்கா" என்றான் எர்மெக்.

"முறிஞ்ச கழியால அடிச்சான். அவள அடிக்கிறப்ப நடுவுல போனேன். அவ விலாவ ஒடச்சதும் அதே கழிதான். சங்கத்து வண்டிக் கண்ணாடியக் கோடரியால ஒடச்சான். டிரைவரக் குத்தித் தண்ணில தள்ளுனான். எல்லாத்தையும் எழுதுங்க."

கொஜோமுராத் கைத்தடியைத் தரையில் ஊன்றினார். "புருல், நீ நம்ம குடும்பத்துப் பொம்பளையா, இல்ல அந்தச் சங்கத்துப் பொம்பளையா? ரத்தத்தக் காட்டிக் குடுத்துட்டு ஊருக்குள்ள எப்படி நடப்ப?"

"கால் நல்லாத்தான் இருக்கு பெரியப்பா. கைதான் ஒடஞ்சிருக்கு."

எர்மெக் அவள் பக்கத்தில் வந்து குந்தினான். கண் கலங்கியிருந்தது. "அக்கா, முதுகுல கட்டித் தூக்கி வளத்தவ நீ. என்னப் போய் உள்ள தள்ளுவியா? தெரியாம பட்டது அக்கா. உன்ன அடிக்கணும்னா அடிச்சேன்?"

"தெரியும்டா. அவள அடிக்கணும்னுதான் அடிச்ச." அவள் மாவுக்கட்டை மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டாள். "தூக்கி வளத்தவ நான்தான். நீ மண்ணுல விழுந்தா மண்ண அடிச்சேன். கல்லுல இடிச்சா கல்ல அடிச்சேன். உன்ன ஒருநாளும் அடிக்கல. அதுக்கும் சேத்துத்தான் இது. சார், எங்க கையெழுத்துப் போடணும்?"

"கட்டுப் போட்டிருக்கே அம்மா. கட்டைவிரல் ரேகை போதும்."

"எனக்கு எழுதத் தெரியும்."

இடது கையில் பேனாவைப் பிடித்தாள். கறுத்துப்போன விரல்கள் பழக்கமில்லாத வேலைக்கு வளையவில்லை. ஒவ்வொரு எழுத்தாக, குழந்தை எழுதுவது போலக் கோணிக்கோணித் தன் பெயரை முழுதாக எழுதினாள். கடைசி எழுத்து தாளை விட்டு வெளியே போயிருந்தது. எர்மெக் எழுந்து, தானாகவே போலீஸ்காரரின் முன்னால் போய் நின்றான். போகும்போது சாறு இருந்த பாத்திரத்தைக் காலால் எற்றிவிட்டுப் போனான். கொழுப்பு கட்டிலின் கால்வரை ஓடி உறைந்தது.

ஏழு நாள் உள்ளே வைத்தார்கள். பெண்டாட்டி பிள்ளை இருக்கிற இடத்தை முப்பது நாள் நெருங்கக் கூடாது என்று தாளும் கொடுத்தார்கள். வழக்கு அதன்பாட்டுக்கு நடக்கும் என்றார்கள். ஷாயிர் பன்னிரண்டு நாள் கழித்து எழுந்து, நாலு பிள்ளைகளோடு புருல்கான் வீட்டுக்கு வந்தாள்.

ஊர் புருல்கானோடு பேசவில்லை. கிணற்றடியில் அவள் போனால் வாளிகள் நகர்ந்தன. அவளுடைய மரங்களை உலுக்க ஆள் வரவில்லை. வந்த மழையில் காய் பாதி தரையிலேயே கறுத்து அழுகியது. மீதியைச் சலாமத்தும் இன்னும் மூன்று பெண்களும் புருஷன்மார் தூங்கி எழும் முன்னால் வந்து பொறுக்கிக் கொடுத்தார்கள். பொறுக்கிக்கொண்டே ஒருத்தி கேட்டாள்: "அக்கா, வசந்தத்துக்குச் சங்கத்து வண்டி வருமா?" காட்டுக்கு வண்டி அனுப்புவதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறோம் என்று தலைமை அலுவலகத்தில் சொன்னதையும், வண்டி வராவிட்டால் பஸ்ஸில் வருகிறேன் என்று ரஹீமா சொன்னதையும் புருல்கான் அப்படியே சொன்னாள்.

முப்பத்தோராவது நாள் காலையில் முதல் பனி விழுந்திருந்தது. புருல்கான் இடது கையால் மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தாள். வெளிக்கதவு திறக்கிற சத்தம் கேட்டது. எர்மெக். கையில் மிட்டாய்ப் பொட்டலம். வாயில் மது நாற்றம் இல்லை.

"தாள் நேத்தோட முடிஞ்சுது" என்றான். "என் பொண்டாட்டிய அனுப்பு."

"அவ என்ன மூட்டையா, அனுப்புறதுக்கு? வாசல்லயே நில்லு."

ஷாயிர் தானே வெளியே வந்தாள். ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவள். முழங்கை வரை மாவு. நின்ற இடம் அவனுக்குப் பத்தடி தூரம். பிள்ளைகள் நாலும் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றன.

"ஷாயிர், வா. நடந்தது நடந்துருச்சு. அதான் கழட்டியாச்சே, இனி எல்லாம் சரியாப் போயிரும். இந்தத் தடவ பையன்தான் பாரு."

"கழட்டல" என்றாள் ஷாயிர்.

"என்ன?"

"நீ மிதிச்சது வேற. புதுசு. அதுல இருந்தது என் வாய் ரத்தம். என்னோடது என்கிட்டதான் இருக்கு. கழட்டவும் மாட்டேன்."

புருல்கான் கையிலிருந்த வைக்கோலைக் கீழே விட்டாள். இதை இவள் சொல்வாள் என்று அவள் எதிர்பார்க்கவே இல்லை. பொய் அப்படியே இருந்திருந்தால் இன்னும் கொஞ்சகாலம் ஓட்டியிருக்கலாம். பத்தடியை எர்மெக் மூன்றே எட்டில் கடந்தான். ஷாயிரின் சட்டைக் கழுத்தைக் கொத்தாகப் பற்றிச் சுவரோடு சாய்த்தான். கை ஓங்கியது. புருல்கான் வைக்கோல் வாரும் முள்கம்பை எடுத்துக்கொண்டு ஓடினாள். பனியில் வழுக்கி முழங்காலில் விழுந்தாள்.

பதினான்கு வருஷமாக, கை ஓங்கினதுமே ஷாயிரின் இரண்டு கையும் முகத்தை மறைக்கப் போகும். இன்று போகவில்லை. மாவு பூசிய கைகள் இரண்டும் பக்கவாட்டிலேயே தொங்கின. அவள் அவனைப் பார்த்தாள்.

"அடி. இந்தத் தடவ கையெழுத்து நான் போடுறேன்."

ஓங்கிய கை நின்றது. அவன் மூச்சு அவள் முகத்தில் புகையாக மோதியது. ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் நாலு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் அங்கே பார்த்தான். பிறகு, விழுந்து கிடந்த அக்காவைப் பார்த்தான். கை சுவரில் போய் விழுந்தது, ஷாயிரின் காதோரம். காரை பெயர்ந்து உதிர்ந்தது. மறுபடி குத்தினான். விரல் முட்டிகளில் ரத்தம் கண்டது. கழுத்துத் துணியை விட்டுவிட்டு, திரும்பி, திறந்துகிடந்த கதவு வழியாக நடந்து போனான். தெருவில் யாரையோ கெட்ட வார்த்தையில் திட்டியது கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

ஷாயிர் போய் வெளிக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். மிட்டாய்ப் பொட்டலம் பனியில் கிடந்தது. கடைக்குட்டி ஓடிவந்து அதன் பக்கத்தில் நின்று, எடுக்கலாமா என்று அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"எடுத்துக்கோ. உங்கப்பா வாங்கிட்டு வந்தது. அக்காளுங்களுக்கும் குடு."

குழந்தை எடுத்துக்கொண்டு ஓடியது. புருல்கான் இன்னும் முழங்காலில்தான் இருந்தாள். எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தாள், முடியவில்லை. அழுகிறோம் என்பது கன்னம் சுட்ட பிறகுதான் தெரிந்தது. தம்பிக்காகவா, இவளுக்காகவா என்று பிரித்துப் பார்க்க அவளால் ஆகவில்லை.

ஷாயிர் அவள் இடது கையைப் பிடித்துத் தூக்கினாள். தூக்கும்போது விலா வலித்து முகம் சுளித்தாள்.

"ஏன்டி சொன்ன? கொன்னுருப்பானே."

"கொன்னுருப்பான்" என்றாள் ஷாயிர். "ஒளிச்சு வச்சு அலுத்துப் போச்சு மதினி. வாங்க உள்ள. மாவு காயுது."